ராத்திரி இரண்டு மணிக்கு யார் முடிவு?

(கள்ளக்குறிச்சியில் செவிலியர்களும் செவிலியர் பயிற்சி மாணவிகளும் பொதுமக்களும் கூடியிருந்த அரங்கில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

பகல் பணி முடித்துச் சீருடைகூட மாற்றாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் செவிலியர்களுக்கு என் வணக்கம். உங்களில் வேறு சிலர் எட்டு மணிக்கு இரவுப் பணி ஏற்க வேண்டும் என்று சொன்னார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் உங்களைத் தேவதைகள் என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஆனால் அப்படி அழைப்பதில் அழைப்பவருக்கு ஒரு சௌகரியம் உண்டு. தேவதைக்குப் பணிமூப்புப் பட்டியல் கிடையாது, வார ஓய்வு கிடையாது. தேவதை மகப்பேறு விடுப்புக்கு மனுப் போடாது. செவிலியர் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். என் மாணவிகளில் தேவதை யாரும் இருந்ததில்லை. காலை கட்டிக் கொடுத்த சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போகிற பெண்கள்தான் இருந்தார்கள். இப்போது சில ஆண்களும் இருக்கிறார்கள்.

வேலையில் மனநிறைவு எங்கிருந்து வருகிறது? சம்பளம் வேண்டும், பாராட்டும் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனாலும் இந்தத் தொழிலில் இருப்பவரை உள்ளுக்குள் அரிப்பது வேறொன்று என்று நினைக்கிறேன். பொறுப்பு முழுக்கத் தன் தலையில், முடிவெடுக்கும் உரிமை வேறொருவர் கையில். இந்த இடைவெளியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதற்கு நம் மாவட்டத்தைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இங்கே மலையும் இருக்கிறது, சமவெளியும் இருக்கிறது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி மலையேறினால் கரியாலூர், வெள்ளிமலை, அதற்கப்பால் சேராப்பட்டு என்று கல்வராயன் மலை ஊர்கள் வரும். மலையாளி பழங்குடி மக்களின் சிற்றூர்கள் மடிப்புக்கு மடிப்பு சிதறிக் கிடக்கும். அங்கே ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், ராத்திரி இரண்டு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதக் கர்ப்பிணி. முகமெல்லாம் வீக்கம், விடாத தலைவலி, கண்ணில் பூச்சி பறக்கிறது என்கிறாள். படுக்கையில் ஏற்றுவதற்குள் வலிப்பு வந்துவிடுகிறது. ரத்த அழுத்தம் 170க்கு 110. மருத்துவர் அன்று மலையில் இல்லை.

பணியில் இருக்கும் செவிலியர் என்ன செய்வார்? இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பார். வாயைத் துடைத்து மூச்சு வழியைக் காப்பார். மெக்னீசியம் சல்பேட் 50 சதவீதக் கரைசலில் 10 மில்லி, அதாவது 5 கிராம், ஒரு பக்கப் புட்டத்தில் ஆழமாகப் போடுவார். மறுபக்கம் இன்னொரு 5 கிராம். அதற்குள் 108க்குச் சொல்லியாகிவிட்டது. கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கும் தகவல் போய்விட்டது. மாமியார்க்காரி அழுதுகொண்டு நிற்பாள். அவளிடமும் இரண்டு வார்த்தை பேசி, சம்மதம் வாங்கி, வண்டியில் ஏற்ற வேண்டும். இந்த முதல் ஊசியை மருத்துவர் இல்லாத நேரத்திலும் செவிலியர் போடலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2010ஆம் ஆண்டு பிரசவப் பராமரிப்பு நெறிமுறையே சொல்கிறது. கிராம சுகாதார செவிலியருக்கும் அந்த அனுமதி உண்டு. நல்ல விதி. பிரசவம் பார்த்துப் பழகிய யாரோ உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும்.

இப்போது அதே செவிலியருக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறுதல் வந்துவிட்டது என்று வையுங்கள். அதே கை, அதே படிப்பு. நோயாளிக்கு வலி தாங்கவில்லை, ஒரு மாத்திரை கொடுக்கலாமா? டாக்டர் எழுதட்டும். சிறுநீர் குறைகிறது, கேஸ் ஷீட்டில் இரண்டு தடவை எழுதியாயிற்று, பார்த்தார்களா? தெரியாது. ரவுண்ட்ஸ் வரும்போது கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது அவர் வேலை. மலையில் யாரும் இல்லாதபோது அவர் மேல் வைத்த நம்பிக்கையை, பக்கத்தில் ஆள் வந்ததும் எடுத்துவிடுகிறோம். சொல்லப்போனால் அது நம்பிக்கைகூட இல்லை. வேறு வழி இல்லாததால் கொடுத்த அனுமதி. வழி கிடைத்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

மலைப் பணி சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. குடியிருப்பில் தண்ணீர் வராது, போன் எடுக்காது, பிள்ளையைப் படிக்க வைக்க நல்ல பள்ளிக்குக் கீழேதான் வர வேண்டும். ஆனால் மலையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் பேசும்போது கவனித்துப் பாருங்கள். கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டே வருவார்கள், திடீரென்று குரல் மாறும். “அந்த ராத்திரி நான் பார்த்த பிரசவம் சார்” என்று ஆரம்பிப்பார்கள். அந்த ‘நான்’ என்கிற சொல் கீழே இருக்கும் வார்டுகளில் அவ்வளவாகக் காதில் விழுவதில்லை.

இதைக் கணக்கெடுத்துச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். ரோசபெத் மாஸ் கான்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1977இல் ஒரு பெரிய கம்பெனியின் உள் வாழ்க்கையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அதில் செவிலியர் கிடையாது. மேலாளர்களும் செயலாளர் வேலை பார்த்த பெண்களும்தான். ஒருவர் சுறுசுறுப்பாக இருப்பதும் சோர்ந்து கிடப்பதும் அவரவர் குணம் என்று நினைத்துக்கொண்டிருந்த நிர்வாகிகளிடம், குணத்தை விடுங்கள், அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள் என்றார். வேலைக்கு வேண்டிய தகவல் வந்து சேருகிறதா, பொருள் கையில் இருக்கிறதா, தடுமாறினால் தாங்க ஆள் உண்டா, மேலே போக வழி உண்டா. இவை இருந்தால் சாதாரண ஆளும் நன்றாக வேலை செய்வார். இல்லாவிட்டால் கெட்டிக்காரரும் மங்கிப்போவார். பிறகு கனடாவில் ஹெதர் லாஷிங்கர் என்ற செவிலியர் பேராசிரியர் இதையே செவிலியர்களிடம் ஆண்டுக்கணக்கில் அளந்து பார்த்தார். மூன்று ஆண்டு இடைவெளியில் அதே செவிலியர்களிடம் திரும்பப் போய்க் கேட்ட ஆய்வு 2004இல் வெளியானது. இடம் மேம்பட்டிருந்தால் மனநிறைவும் மேம்பட்டிருந்தது, அது தாழ்ந்த இடத்தில் இதுவும் தாழ்ந்திருந்தது.

கான்டர் சொன்னதில் இன்னொன்று உண்டு. மேடைகளில் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, ஏனென்றால் அது நமக்கே உறைக்கும். அதிகாரம் இல்லாத மேற்பார்வையாளர்தான் அதிகமாக அதட்டுவார், சின்ன விதியையெல்லாம் இறுகப் பிடித்துக்கொள்வார், தனக்குக் கீழே இருப்பவரை அசைய விட மாட்டார் என்று எழுதினார். கையில் பெரிய முடிவு எதுவும் இல்லாதபோது சின்ன முடிவில்தானே ஆட்சி செய்ய முடியும்? பார்வையாளர் நேரம் முடிந்தது, வெளியே போ. துணி எங்கே, சோப்பு எங்கே, ஏன் கொண்டு வரலை. பிரசவ வலியில் கத்துகிறவளைப் பார்த்து நாம் சொல்கிற சில வாக்கியங்கள் இருக்கின்றன. இந்த மேடையில் அவற்றைச் சொல்ல மாட்டேன், உங்களுக்குத் தெரியும். (அவையில் அமைதி.)

அந்த வாக்கியங்கள் போய் விழுவது யார் மேல்? கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர் ஆட்சி இருந்தது. நாடு விடுதலையாகி ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்துத்தான் அரசாங்கம் அந்த நிலத்தைத் தன் கைக்கு எடுத்தது. அதுவரை மலைச்சனம் ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைத்தது. அப்படி உழைத்த பாட்டிகளின் பேத்திகள்தான் இன்று பிரசவத்துக்கு இறங்கி வருகிறார்கள். மலைக்கு வந்த அதிகாரி எவரும் அவர்களை அதட்டாமல் பேசியதில்லை. மலைப் பகுதியில் பிரசவத்துக்கு நாள் நெருங்கியவர்கள் முன்கூட்டியே வந்து தங்கக் காத்திருப்பு அறைகள் ஏற்படுத்தியிருக்கிறோம். கட்டில் இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது. இருந்தும் வர மாட்டேன் என்கிறவளைப் படிக்காதவள் என்கிறோம். போன பிரசவத்தில் என்ன பேச்சு கேட்டாள் என்று விசாரித்தோமா? தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில் நடக்கிறது என்று பெருமைப்படுகிறோம். 99.6 சதவீதம் என்றது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. இதற்கு முதுகெலும்பு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியர்களை வைத்து நாள் முழுக்கப் பிரசவம் பார்த்த ஏற்பாடுதான். அந்த மூன்று பேருக்கு மரியாதை கொடுத்தால் அது அவர்கள் வழியாக அந்த மலைப்பெண்ணுக்கும் போய்ச் சேரும். கொடுக்காமல் விட்டால் என்ன போய்ச் சேரும் என்பதையும் பார்த்தோம்.

கான்டர் பட்டியலில் இருந்த தகவல் என்ற விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூனில் இந்த ஊர்க் கருணாபுரத்தில் நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. மெத்தனால் கலந்த சாராயம், அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். இங்கே படுக்கை போதாமல் சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று வண்டி வண்டியாக அனுப்பினார்கள். வயிற்றுவலி, வாந்தி என்று வருகிறவன் கண் மங்குகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எந்த விஷம் என்று பிடிபட்டுவிடும். அந்த வார்த்தையை நோயாளி முதலில் யாரிடம் சொல்வான்? பெயர் எழுதி, நாடி பார்த்து, ஊசி ஏற்றுகிறவரிடம்தான். அவர் அதைச் சொன்னால் எடுபடுமா, எடுபடாதா என்பதில் உயிர் இருக்கிறது. அந்த நாட்களில் வார்டுக்குள் நடந்தது உங்களுக்குத்தான் தெரியும், வெளியிலிருந்து நான் பேச மாட்டேன். அது போன்ற ஒரு பேரிடருக்குப் பிறகு நடக்கிற ஆய்வுக் கூட்டத்தில் செவிலியர்களுக்கு நாற்காலி வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன். தேநீர் கொண்டு வரச் சொல்லி அழைப்பதைச் சொல்லவில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவம் எல்லாம் பேசப்பட்டன. மருத்துவம் என்றதும் எல்லாரும் கேட்பது, டாக்டர் இருக்கிறாரா? சரியான கேள்விதான். அதோடு, இருக்கிற செவிலியர் எத்தனை ஆண்டாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார் என்றும் கேட்க வேண்டும்.

இந்தத் தொகுப்பூதியக் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் போட்டித் தேர்வு நடத்தி 2015இல் ஆயிரக்கணக்கான செவிலியர்களை எடுத்தது. மாதம் 7,700 ரூபாய். இரண்டு ஆண்டில் காலமுறை ஊதியம் என்று நம்பி வந்தார்கள். 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்தார்கள். அந்தத் தொகை பிறகு 14,000, 18,000 என்று உயர்ந்தது, நிரந்தரம் மட்டும் சொட்டுச் சொட்டாக வந்தது. கொரோனா காலத்தில் எடுத்த செவிலியர்களுக்குக் கைதட்டினோம், விளக்கேற்றினோம். 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்குப் போகச் சொன்னோம். ஒப்பந்தச் செவிலியருக்கும் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு உண்டு என்று உயர் நீதிமன்றத்தில் வழக்காடித்தான் 2024 இறுதியில் தீர்ப்பு வாங்க வேண்டியிருந்தது. ஊரார் பிரசவத்தையெல்லாம் பார்க்கிறவள் தன் பிரசவத்துக்குக் கோர்ட்டுப் படி ஏறினாள். இதற்கு மேல் நான் விளக்கம் சொன்னால் ருசி கெட்டுவிடும்.

வேலை நிரந்தரம் இல்லாதவர் வாய் திறக்க மாட்டார். “இந்த அளவு தவறு டாக்டர்” என்று சொல்ல ஒரு தெம்பு வேண்டும். அடுத்த மாதம் இருப்போமா என்று தெரியாதவரிடம் அந்தத் தெம்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதிகாரமளித்தல் என்று பயிற்சி வகுப்பு நடத்தி, பேனாவும் கோப்பும் கொடுத்து அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

புதிதாக எதுவும் நான் கேட்கவில்லை. முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள் சரோஜினி வரதப்பன் தலைமையில் மத்திய அரசு 1987இல் செவிலியர் தொழில் பற்றி ஓர் உயர்மட்டக் குழு அமைத்தது. அது எழுதிக் கொடுத்தவற்றைப் படித்தால் நேற்று எழுதியது போல இருக்கும். வாரத்துக்கு 40 மணி நேர வேலை. செவிலியம் சாராத எடுபிடி வேலைகளிலிருந்து விடுவிப்பு. குழந்தைக் காப்பகம். உடைந்த பொருளுக்கும் தொலைந்த பொருளுக்கும் செவிலியரிடம் பணம் வசூலிக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு இளையவர்கள் சிரிக்கிறீர்கள். நான் இளவயதில் வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், மாதக் கடைசியில் வார்டு சாமான் எண்ணும் நாள் என்றால் வயிறு கலங்கும். நோயாளி போர்த்திக்கொண்டு போன போர்வைக்கும், உதறிப் பார்க்கும்போது கைநழுவிச் சிதறிய தெர்மாமீட்டருக்கும் எங்கள் பையிலிருந்து காசு போகும். அதனால் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? நல்ல தெர்மாமீட்டரை பீரோவில் வைத்துப் பூட்டினோம். கண்ணாடி கீறி எண் மங்கியதை வைத்து ஜுரம் பார்த்தோம். நஷ்டத்துக்குப் பயந்தவள் நோயாளியைவிடச் சாமானைத்தான் காப்பாற்றுவாள். இன்று அவசர மருந்து பீரோவின் சாவி எங்கே இருக்கிறது, ராத்திரி கைக்கு எட்டுமா, மருந்து குறைந்தால் யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கேட்டுப் பாருங்கள்.

தனியார் பக்கம் இதைவிட மோசம். இந்த நகரத்து நர்சிங் ஹோம்களில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், முகத்தைப் பார்த்தே தெரிகிறது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் சொன்னபடி அமைந்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசுச் சம்பளத்துக்கு இணை. கேரளத்துச் செவிலியர்கள் சங்கம் வைத்துப் போராடி 2018இல் அந்த 20,000ஐ அரசாணையாக்கிக்கொண்டார்கள். நம் பக்கம் சான்றிதழை வாங்கி வைத்துக்கொண்டு வேலைக்கு எடுக்கும் வழக்கமே இன்னும் முழுசாக ஒழியவில்லை.

ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளி? பயிற்சி மருத்துவமனையில் மூன்று பேருக்கு ஒருவர், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சில் வகுத்த அளவு. ராத்திரி உங்கள் வார்டில் எப்படி என்று கேட்கட்டுமா? (அவையில் சிரிப்பு.) சரி, வேண்டாம். பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளை வைத்து லிண்டா எய்கன் குழு 2002இல் கணக்குப் பார்த்தது. செவிலியர் ஒருவருக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. செவிலியர் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதமும், வேலை பிடிக்காமல் போகும் வாய்ப்பு 15 சதவீதமும் கூடுகின்றன. அவருடைய சோர்வும் நோயாளியின் சாவும் ஒரே ஏட்டில் ஏறுகிற கணக்கு.

ஆள் போடுவதும் காலமுறை ஊதியமும் கோட்டையில் முடிவாக வேண்டியவை. அதுவரை மாவட்டம் கை கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. மலை நிலையங்களில் நோயாளர் நலச் சங்கத்துக்கு வரும் சிறு தொகையில், டார்ச் விளக்கு, தண்ணீர்த் தொட்டிக் குழாய், பிரசவ அறைக் கதவுத் தாழ்ப்பாள் போன்றவற்றைப் பணியில் இருக்கும் செவிலியர் எழுதிக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் வாங்கித் தரலாம். தாழ்ப்பாள் இல்லாத பிரசவ அறையில் ராத்திரி தனியாக இருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். தாய் இறந்தால் நடக்கும் விசாரணையில், முதலில் பார்த்த செவிலியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதை விட்டுவிட்டு, என்ன கையில் இல்லாமல் போயிற்று என்று அவரிடமே கேட்கலாம். மலையில் இத்தனை ஆண்டு இருந்தால் அடுத்து கேட்ட இடம் என்று வாக்குக் கொடுத்து, கொடுத்த வாக்கைக் காப்பாற்றலாம். மலைப் பணியைத் தண்டனை மாறுதல் என்று பேசுகிற வரை அங்கே போகிறவர் போன நாளிலிருந்தே திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார். மலைச்சனத்துக்கும் அது தெரியாமல் இருக்காது.

பணிப் பட்டியல் போடும் விஷயத்தில் கொஞ்சம் நிற்க ஆசைப்படுகிறேன். யாருக்கு எந்த வாரம் இரவு, யாருக்குப் பொங்கல் விடுப்பு என்பதை மேலிருந்து ஒட்டுகிற வழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதை அந்த வார்டுச் செவிலியர்களே கூடிப் போட்டுக்கொண்டு, கண்காணிப்பாளரிடம் காட்டி ஒப்புதல் வாங்கட்டும். சண்டை வரும். வரட்டுமே. இரண்டு மூன்று மாதத்தில் அவர்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். பால்குடிப் பிள்ளை வைத்திருப்பவளுக்கு யார் மாற்றிக் கொடுப்பது, பரீட்சை எழுதுகிறவளுக்கு யார் விட்டுக் கொடுப்பது என்பது எந்த அலுவலகத்தையும்விட அவர்களுக்குத்தான் தெரியும். இதற்கு அரசாணை வேண்டாம், காசும் வேண்டாம். வலிப்பு வந்தவளுக்கு 10 கிராம் மருந்து ஏற்ற நம்புகிறோம், தன் வார ஓய்வைத் தானே குறித்துக்கொள்ள நம்ப மாட்டோமா? இதை முன்வரிசையில் இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன். பதிலை இந்தக் கூட்டத்திலேயே சொன்னாலும் நல்லது.

நேரம் ஏழு தாண்டிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எட்டு மணிப் பணிக்குப் போக வேண்டியவர்கள் முதலில் கேட்கட்டும், மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.